தொண்டைச் சதையும் பாலிசித் தேதியும்

சித்திரைத் திருவிழா முடிந்து அழகர் மலைக்குத் திரும்பிவிட்டால், மதுரையில் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் வாசலில் ஒரு கூட்டம் சேரும். பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். ஆண்டு முழுவதும் தொண்டை வலியும் காய்ச்சலுமாக வீட்டைப் படுத்தி எடுத்தவர்கள். கோடை விடுமுறையிலேயே சதையை எடுத்துவிட்டால் பள்ளி திறப்பதற்குள் தேறிவிடுவார்கள் என்பது பெற்றோரின் கணக்கு. செல்லூரில் இருக்கும் என் மதினியும் அந்தக் கணக்கைத்தான் போட்டார். பையனுக்கு ஒன்பது வயது. மே மாதம் அறுவை சிகிச்சை முடிந்தது. ஜூனில் எங்கள் வீட்டுக்கு வந்தவர் செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்: "தம்பி, இவனுக்குச் சதையை எடுத்தாகிவிட்டது. இனிமேல் இன்சூரன்ஸ் போட்டால் ஒத்துக்கொள்வார்களா? ஆபரேஷன் ஆன பிள்ளை என்று தள்ளிவிடுவார்களா?"

ஒத்துக்கொள்வார்கள். அவர் பயந்தது தலைகீழான பயம். காப்பீட்டு நிறுவனத்துக்கு எடுத்துப் போட்ட சதையால் பெரிய தொல்லை இல்லை. தொண்டையிலேயே இருந்துகொண்டு அவ்வப்போது வீங்கும் சதைதான் தொல்லை. இதை மதினிக்குப் புரியவைக்க இரண்டு டம்ளர் காபியும் ஒரு காலண்டரும் தேவைப்பட்டன. காலண்டர் எதற்கு என்று போகப் போகத் தெரியும்.

முதலில் சதையைப் பற்றிக் கொஞ்சம். வாயைத் திறந்து 'ஆ' என்று சொன்னால் உள்நாக்குக்கு இரு பக்கமும் தெரிகிற இரண்டு திரட்சிகள்தான் டான்சில். புத்தகங்கள் அடிநாச்சதை என்கின்றன. நம் பக்கம் தொண்டைச் சதை என்றால் போதும். உள்நாக்கையே டான்சில் என்று நினைப்பவர்கள் நிறைய உண்டு. அது வேறு, இந்த ஆபரேஷனில் அதைத் தொடுவதில்லை. மூக்குக்குப் பின்னால், கண்ணாடியில் தெரியாத இடத்தில், அடினாய்டு என்று இன்னொரு சதை இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பல நேரம் இரண்டையும் ஒரே மயக்கத்தில் எடுத்துவிடுகிறார்கள்.

எல்லாத் தொண்டை வலிக்கும் கத்தி எடுப்பதில்லை. ஓராண்டில் 7 முறை, அல்லது தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆண்டுக்கு 5 முறை, அல்லது மூன்று ஆண்டுகள் ஆண்டுக்கு 3 முறை கடுமையான தொற்று வந்திருந்தால் எடுப்பதைப் பற்றி யோசிக்கலாம் என்பது மருத்துவ உலகில் நெடுங்காலமாகப் புழங்கும் அளவுகோல். சதை பெருத்து மூச்சை அடைத்து, தூக்கத்தில் குறட்டையும் மூச்சுத் திணறலும் வருவது இன்னொரு காரணம். இந்த எண்ணிக்கையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். "ஏன் எடுத்தார்கள், எப்போதிலிருந்து தொந்தரவு" என்ற கேள்வியைப் பிறகு மருத்துவரைவிட அதிகமாகக் கேட்கப்போவது காப்பீட்டு நிறுவனம்தான்.

'காப்பீடு' என்று நான் இங்கே சொல்வது, நம் கைப்பணத்தில் பிரீமியம் கட்டி எடுக்கும் பாலிசியை. விற்பது அரசு நிறுவனமாக இருந்தாலும் தனியார் நிறுவனமாக இருந்தாலும் விதிகள் ஒன்றுதான். இரண்டுக்கும் மேலே ஐதராபாத்தில் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் உட்கார்ந்திருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இந்தக் கணக்கில் சேராது. அது ஆண்டு வருமானம் 1.20 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு அரசே பிரீமியம் கட்டும் திட்டம்.

இனி காலண்டர். பாலிசி தொடங்கும் தேதியை நடுவில் ஒரு கோடாகப் போட்டுக்கொள்ளுங்கள். கோட்டுக்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடந்தது என்பதுதான் காப்பீட்டில் பாதி வழக்கு.

கோட்டுக்குப் பின்னால் முதல் 30 நாள் பொதுக் காத்திருப்புக் காலம். விபத்தைத் தவிர வேறு எதற்கும் அந்த 30 நாளில் பணம் வராது. அடுத்து, குறிப்பிட்ட சில நோய்களுக்கும் அறுவை சிகிச்சைகளுக்கும் தனிக் காத்திருப்புக் காலம் உண்டு. பெரும்பாலான பாலிசிகளில் இது 24 மாதம். 36 மாதத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது விதி. எல்லா நிறுவனங்களும் ஒரே வாசகத்தோடு விற்க வேண்டும் என்று 2020 ஏப்ரலில் ஆணையம் கொண்டுவந்த 'ஆரோக்கிய சஞ்சீவனி' பாலிசியை எடுத்துப் பாருங்கள். அதன் 24 மாதப் பட்டியலில் காது மூக்கு தொண்டையின் சாதாரணக் கோளாறுகள், டான்சில் நீக்கம், அடினாய்டு நீக்கம் என்று தலைப்பக்கத்திலேயே வரிசையாக நிற்கும். அவற்றுக்குக் கீழே குடலிறக்கம், மூலம், சிறுநீரகக் கல், கண்புரை. கண்புரை என்றால் மதுரைக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். 1976இல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கிய ஊர் இது. இந்த நோய்களுக்குள் ஓர் ஒற்றுமை இருக்கிறது. பெரும்பாலும் எதுவும் இன்றிரவே செய்தாக வேண்டிய அவசர சிகிச்சை இல்லை. நாள் பார்த்துச் செய்துகொள்ளலாம். நாள் பார்க்க முடியும் என்றால், இன்று பாலிசி எடுத்து அடுத்த மாதம் ஆபரேஷன் செய்துகொண்டு அதற்கடுத்த மாதம் பாலிசியை விட்டுவிடவும் முடியும். அதைத் தடுக்கத்தான் இந்த 24 மாத வேலி.

மூன்றாவது, முன்பே இருந்த நோய். இதில்தான் ஆட்கள் தடுக்கி விழுகிறார்கள். பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதத்துக்குள் ஒரு மருத்துவர் கண்டறிந்து சொன்ன நோய், அல்லது அந்தக் காலத்தில் ஆலோசனையோ சிகிச்சையோ பெற்ற நோய், முன்பே இருந்த நோயாகக் கணக்காகும். அதற்கு அதிகபட்சமாக 36 மாதம் காத்திருக்க வேண்டும். 2024 ஏப்ரல் 1க்கு முன்பு இந்த இரண்டு எண்களும் 48 ஆக இருந்தன. பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டுக் குழம்ப வேண்டாம். ஒரே நோய் இரண்டு வேலிக்குள்ளும் வந்தால் எது நீளமோ அதுதான் செல்லும்.

மதினிக்குத் தேதி போட்டே காட்டினேன். ஒரு பையனுக்கு 2024 ஜூன் 1 அன்று பாலிசி தொடங்குகிறது. அவன் டான்சிலுக்காக முதன்முதலில் மருத்துவரிடம் போனது அந்த ஆகஸ்டில் என்றால் தொந்தரவு கோட்டுக்குப் பின்னால்தான் வந்திருக்கிறது. 24 மாத வேலி மட்டும். 2026 ஜூன் முதல் தேதிக்குப் பிறகு ஆபரேஷன் என்றால் பாலிசி பணம் தரும். அதே பையன் 2024 ஜனவரியிலேயே மருத்துவரைப் பார்த்து, அவர் சீட்டில் 'அடிக்கடி வரும் டான்சில் அழற்சி' என்று எழுதியிருந்தால் அது முன்பே இருந்த நோய். 2027 ஜூன் வரை பொறுக்க வேண்டியிருக்கும். ஐந்து மாத வித்தியாசத்தில் எழுதப்பட்ட ஒரு சீட்டு, ஓராண்டை இழுத்துக்கொண்டு போகிறது.

"அப்படியென்றால் அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட வேண்டியதுதானே?" என்றார் மதினி. அவர் மட்டுமா, எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். அதற்கு வருகிறேன்.

அவர் பிள்ளையின் கதை இதில் மூன்றாவது வகை: கோட்டுக்கு முன்னாலேயே ஆபரேஷன் முடிந்துவிட்டது. விதியின் எழுத்துப்படி பார்த்தால் 36 மாதத்துக்குள் சிகிச்சை பெற்றதால் இதுவும் முன்பே இருந்த நோய்தான். ஆனால் அந்த முத்திரையால் நடைமுறையில் என்ன நட்டம்? டான்சில் அழற்சிக்கு 36 மாதம் பணம் தர மாட்டோம் என்பார்கள். தரட்டும், தராமல் போகட்டும்; அழற்சி வருவதற்கு அங்கே டான்சில் இல்லை. இல்லாத வீட்டுக்கு வாடகை உயர்ந்தால் நமக்கென்ன? டெங்குவுக்கோ குடல்வால் அழற்சிக்கோ கை எலும்பு முறிவுக்கோ இந்த முத்திரை குறுக்கே வராது. மற்றக் குறை எதுவும் இல்லாத ஒரு பிள்ளைக்கு, நல்லபடியாக முடிந்த டான்சில் ஆபரேஷனுக்காகப் பிரீமியத்தை ஏற்றுவது வழக்கமில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலைக் கேட்பார்கள். பார்த்துவிட்டுப் பாலிசி கொடுப்பார்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கை. சதையை எடுத்தபின் ஐந்திலிருந்து பத்து நாளுக்குள் புண்ணின் பொருக்கு உதிரும்போது சிலருக்கு இரத்தம் கசியும். மறுபடி மருத்துவமனையில் சேர்க்க வேண்டிவரும். ஆபரேஷன் முடிந்த கையோடு பாலிசி எடுத்தால் அந்தச் செலவு முதல் 30 நாள் காத்திருப்பில் மாட்டிக்கொள்ளும். ஆறிய பிறகு எடுங்கள் என்று சொல்லவில்லை. இன்றே எடுங்கள், ஆனால் இந்தப் புண்ணுக்கு அதை நம்ப வேண்டாம்.

ஏன் எடுத்தார்கள் என்ற கேள்வி

நிறுவனத்தில் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கிறவருக்குச் சதை முக்கியமில்லை, காரணம்தான் முக்கியம். திரும்பத் திரும்ப வந்த தொற்று என்றால் கோப்பை மூடிவிடுவார். பெரியவர் ஒருவருக்குக் குறட்டைக்காக எடுத்திருந்தால் உடல் எடை என்ன, இரத்த அழுத்தம் உண்டா, தூக்கத்தில் மூச்சு நிற்பது இப்போது சரியாகிவிட்டதா என்று கேட்பார். பெரியவர்களின் குறட்டை பல நேரம் சதையோடு போய்விடுவதில்லை. ஒரு பக்கச் சதை மட்டும் பெருத்து எடுத்திருந்தால் பயாப்சி அறிக்கை கட்டாயம் வேண்டும் என்பார். புற்று இல்லை என்று அந்தத் தாள் சொன்னால்தான் மேலே நகரும். தாளைத் தொலைத்துவிட்டு மருத்துவமனையின் பதிவேட்டு அறைக்கு நடையாய் நடப்பவர்கள் நிறைய. சதை ஆய்வகத்துக்குப் போயிருந்தால் அறிக்கையைக் கேட்டு வாங்கி, பள்ளிச் சான்றிதழ்களோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.

இன்னொன்று கொஞ்சம் ஆழமானது. தொண்டையில் வரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றைச் சரியாகக் கவனிக்காமல் விட்டால் சில பிள்ளைகளுக்கு வாதக் காய்ச்சல் வரும். அது இதய வால்வைக் கெடுக்கக் கூடும். மாதம் ஒரு முறையோ மூன்று வாரத்துக்கு ஒரு முறையோ பெனிசிலின் ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளைகளை நம் பக்கம் பார்த்திருப்பீர்கள். அந்தப் பிள்ளைக்குச் சதையை எடுத்திருந்தாலும் நிறுவனம் தொண்டையைப் பார்க்காது, இதயத்தைப் பார்க்கும். எக்கோ பரிசோதனை கேட்கும், காத்திருப்புக் காலம் வைக்கும், பிரீமியத்தை ஏற்றவும் செய்யும். டான்சிலோடு தொடர்புடைய சங்கதிகளில் காப்பீட்டில் நீண்ட நிழல் விழுவது இங்கேதான்.

சதையை எடுத்ததால் காதும் மூக்கும் சுத்தமாகிவிட்டதாகவும் நிறுவனம் எடுத்துக்கொள்ளாது. செவிப்பறை அறுவை சிகிச்சை, காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் செய்யும் சிகிச்சை, சைனஸ் எல்லாம் அதே 24 மாதப் பட்டியலில் தனித்தனி வரிகளாக இருக்கின்றன. அவற்றின் கடிகாரம் தனியாக ஓடும்.

எங்கள் அப்பத்தாவுக்கு வேறொரு கவலை: சதையை எடுத்தால் பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தி போய்விடும், அடிக்கடி ஆஸ்பத்திரி, அதனால் இன்சூரன்ஸ்காரன் அதிகம் கேட்பான். கண்ணி கண்ணியாகக் கோத்த நல்ல தர்க்கம்தான்; முதல் கண்ணிதான் தவறு. தொண்டையைச் சுற்றி அதே வேலையைச் செய்யும் திசுக்கள் இன்னும் இருக்கின்றன. எந்த விண்ணப்பப் படிவத்திலும் இப்படி ஒரு கேள்வியை நான் பார்த்ததில்லை.

சீட்டைக் கிழிப்பது பற்றி

இனி மதினியின் கேள்வி. விண்ணப்பப் படிவத்தில் 'இதற்கு முன் அறுவை சிகிச்சை ஏதேனும் செய்துகொண்டது உண்டா' என்று ஒரு வரி இருக்கும். சில படிவங்கள் கடந்த சில ஆண்டுகளை மட்டும் கேட்கும். சில, பிறந்தது முதல் கேட்கும். முன்பே இருந்த நோய்க்கு 36 மாதம் என்ற எல்லையைக் காட்டி இந்தக் கேள்விக்கு 'இல்லை' போட முடியாது. நோயின் இலக்கணம் வேறு, படிவத்தின் கேள்வி வேறு. கேட்டதற்குப் பதில் எழுத வேண்டும். பத்து வயதில் எடுத்த டான்சிலை நாற்பது வயதில் கேட்டாலும் எழுத வேண்டும்.

வில்லாபுரத்தில் எங்கள் உறவில் ஒருவர் வீட்டில் நடந்தது. ஏஜென்ட் நல்ல மனிதர், குடும்ப நண்பர். "இதெல்லாம் சின்ன விஷயம் அக்கா, எழுதினால் வீணாகக் கேள்வி கேட்பார்கள்" என்று சொல்லி எல்லாக் கட்டத்திலும் 'இல்லை' போட்டுவிட்டார். அடுத்த ஆண்டே மகளுக்கு டெங்கு. மருத்துவமனையில் சேர்க்கும்போது பணி மருத்துவர் வழக்கமான கேள்விகளைக் கேட்டார்: ஒவ்வாமை உண்டா, முன்பு ஆபரேஷன் உண்டா? பதற்றத்தில் நிற்கும் தாய் மருத்துவரிடம் பொய் சொல்வாரா? "போன வருடத்துக்கு முந்தின வருடம் டான்சில் எடுத்தோம் டாக்டர்" என்றார். அது அப்படியே கேஸ் ஷீட்டில் ஏறியது, அங்கிருந்து டிஸ்சார்ஜ் சம்மரிக்குப் போனது, அங்கிருந்து நிறுவனத்தின் மேசைக்கும் போனது. படிவத்தில் இல்லை, சம்மரியில் உண்டு. டெங்குவுக்கும் டான்சிலுக்கும் எந்த உறவும் இல்லை என்றாலும் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. பழைய ஆஸ்பத்திரித் தாள்கள், மருத்துவர் கடிதம், தந்தையின் விளக்கக் கடிதம் என்று இரண்டு மாதம் இழுத்து, கடைசியில் பணம் வந்தது. மறைத்தது வெளிவருவது துப்பறிவாளரால் அல்ல, நம் வாயாலேயே.

எழுதிக் கொடுப்பதில் நமக்கு ஒரு பிடியும் இருக்கிறது. நீரிழிவு இருப்பதை எழுதிக் கொடுத்து வெளிநாட்டுப் பயணக் காப்பீடு எடுத்த ஒருவருக்கு, போன இடத்தில் மாரடைப்பு வந்தபோது நிறுவனம் பணம் தர மறுத்தது. 2021 டிசம்பரில் அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம், உடல்நிலையைத் தெரிந்து மதிப்பிட்டு பாலிசி கொடுத்த பிறகு அதே உடல்நிலையைக் காட்டி மறுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. நாம் எழுதிய வரி நிறுவனத்தையும் கட்டிப்போடுகிறது.

பாலிசி கைக்கு வந்ததும் அதோடு இணைந்து வரும் விண்ணப்ப நகலைப் படியுங்கள். ஏஜென்ட் நமக்காக நிரப்பியதில் பிழை இருந்தால் உடனே எழுதித் திருத்துங்கள். பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் பாலிசியைத் திருப்பிக் கொடுக்கவும் வழி உண்டு. வாடிக்கையாளர் தகவல் தாள் என்று ஒன்று தருவார்கள். காத்திருப்புக் காலம், தராத செலவுகள் எல்லாம் சுருக்கமாக அதில் இருக்கும். அதைத் தமிழில் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. எத்தனையோ பேர் ஆங்கிலத் தாளைச் சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருக்கிறார்கள்.

பாலிசியை இடைவெளி இல்லாமல் 60 மாதம் ஓட்டிவிட்டால், சொல்லாமல் விட்டதைக் காட்டிக் கிளெய்மை மறுக்க முடியாது. மோசடி என்று நிரூபித்தால் மட்டும் விதிவிலக்கு. 2024 வரை இது எட்டு ஆண்டாக இருந்தது. பழைய தவறோடு பயந்துகொண்டே பிரீமியம் கட்டுகிறவர்களுக்கு இது ஓர் ஆறுதல். புதிதாக எடுப்பவர்கள் இதை நம்பி மறைக்க வேண்டாம், நடுவில் ஐந்து மழைக்காலம் இருக்கிறது.

பாலிசி இருக்கும்போதே ஆபரேஷன் என்றால்

காத்திருப்புக் காலம் முடிந்துவிட்டது, மருத்துவர் எடுக்கச் சொல்லிவிட்டார் என்று வையுங்கள். திட்டமிட்ட சிகிச்சை என்பதால் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்னால் நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும் என்பது பல பாலிசிகளின் நிபந்தனை. மருத்துவமனையின் இன்சூரன்ஸ் மேசையிலேயே படிவத்தை நிரப்பி அனுப்பிவிடுவார்கள். ரொக்கமில்லாச் சிகிச்சைக்கு, அதாவது நிறுவனமே மருத்துவமனைக்கு நேராகப் பணம் கட்டும் முறைக்கு, ஒரு மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும், வீட்டுக்கு அனுப்பும்போது இறுதி அனுமதியை மூன்று மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2024 மே மாதச் சுற்றறிக்கையில் ஆணையம் கட்டளையிட்டிருக்கிறது.

அந்தப் படிவத்தில் மருத்துவர் நிரப்பும் ஒரு கட்டத்தை மட்டும் கூட நின்று பாருங்கள்: 'தொந்தரவு எவ்வளவு காலமாக?' பரபரப்பான புறநோயாளிப் பிரிவில் "சின்ன வயதிலிருந்தே இப்படித்தான் டாக்டர்" என்று நாம் பேச்சுவாக்கில் சொல்வோம். அவர் 'ஐந்து ஆண்டுகளாக' என்று எழுதிவிடுவார். பாலிசிக்கு வயது இரண்டரை என்றால் முன்பே இருந்த நோயா என்ற கேள்வி முளைத்துவிடும். பொய்யாகக் குறைத்து எழுதச் சொல்லவில்லை. முதல் சீட்டின் தேதியைப் பார்த்து, உள்ள காலத்தைச் சரியாகச் சொல்லுங்கள்.

பொதுவாக 24 மணி நேரமாவது மருத்துவமனையில் தங்கினால்தான் பணம் என்பது விதி. மயக்கம் கொடுத்துச் செய்து அன்றே வீட்டுக்கு அனுப்பும் சிகிச்சைகளுக்கு இதில் விலக்கு உண்டு. டான்சில் நீக்கம் அந்த வகையில் சேரும். ஆகவே கிளெய்முக்காகப் பிள்ளையை இன்னோர் இரவு படுக்கவைக்க வேண்டியதில்லை.

அறை வாடகையில்தான் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். ஆரோக்கிய சஞ்சீவனியில் ஒரு நாள் அறை வாடகை காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய். இரண்டு லட்சத்துக்குப் பாலிசி என்றால் 4,000. நீங்கள் 5,000 ரூபாய் அறையில் ஒரு நாள் தங்குகிறீர்கள். அறுவை மருத்துவர், மயக்க மருத்துவர், அறுவை அரங்கு எல்லாம் சேர்த்து 30,000, மருந்து 5,000 என்று கணக்குக்காக வைப்போம். ஆயிரம் ரூபாய்தானே கைவிட்டுப் போகும் என்று நினைப்போம். அப்படி இல்லை. ஐந்தில் நான்கு பங்கு என்ற விகிதம் மருத்துவர் கட்டணத்துக்கும் அரங்குக்கும் பாயும்: 30,000 ரூபாய் 24,000 ஆகிவிடும். மருந்துக்கு இந்த வெட்டு இல்லை. 4,000, 24,000, 5,000 சேர்த்து 33,000. அதில் இந்தப் பாலிசியின் நிபந்தனைப்படி நம் பங்காக 5 சதவீதம் 1,650 போக, வருவது 31,350. ஆக, 40,000 ரூபாய் பில்லில் கிட்டத்தட்ட 8,650 நம் பையிலிருந்து. ஏ.சி. அறையின் குளிர் அவ்வளவு!

சேர்வதற்கு முந்தைய 30 நாள், வீட்டுக்கு வந்த பின் 60 நாள் செலவுகளும் அந்தப் பாலிசியில் கிடைக்கும். இரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, பின்னர் புண் பார்க்கப் போன கட்டணம், மாத்திரை, எல்லாவற்றுக்கும் பில் வாங்குங்கள். ஐஸ்கிரீமுக்குக் கிடைக்காது. தொண்டை வலி என்று ஆண்டுக்கணக்கில் விளக்குத்தூண் பக்கம் போகும்போதெல்லாம் ஜிகர்தண்டா மறுக்கப்பட்ட பிள்ளையிடம், ஆபரேஷன் முடிந்த மறுநாள் மருத்துவரே குளிர்ச்சியாகச் சாப்பிடச் சொல்கிறார். அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்.

கிளெய்ம் வாங்கியதற்காக அடுத்த ஆண்டு உங்கள் பாலிசியைப் புதுப்பிக்க மறுக்கக் கூடாது, உங்களுக்கு மட்டும் பிரீமியத்தை ஏற்றவும் கூடாது. கிளெய்ம் இல்லாத ஆண்டுக்குச் சேரும் போனஸ் குறையலாம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மற்றும் குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, முன்பு 18 சதவீதம் கட்டிக்கொண்டிருந்தோம். காப்பீட்டுத் தொகையை உயர்த்தினால் உயர்த்திய பகுதிக்கு மட்டும் காத்திருப்புக் காலம் புதிதாகத் தொடங்கும். குடும்பப் பாலிசியில் பிள்ளையைப் பிறகு சேர்த்தால் அவன் கடிகாரம் அவன் சேர்ந்த நாளிலிருந்து. நிறுவனம் மாறினால் கழிந்த காத்திருப்புக் காலத்தைக் கையோடு கொண்டுபோகலாம். புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாளாவது முன்னால் விண்ணப்பித்துவிடுங்கள்.

வேலை செய்யும் நிறுவனம் எடுத்துத் தரும் குழுக் காப்பீட்டில் இந்த வேலிகள் பெரும்பாலும் இருப்பதில்லை. அது இருந்தால் டான்சிலுக்கு அதைத்தான் முதலில் பயன்படுத்த வேண்டும்.

காத்திருப்புக் காலம் முடியட்டும் என்று பிள்ளையின் ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா? மருத்துவரைக் கேட்டுத்தான். வெறும் தொற்று என்றால் பொறுத்துப் பார்ப்பதில் நியாயம் உண்டு. வயது ஏற ஏறப் பல பிள்ளைகளுக்குத் தானாகவே குறைந்துவிடுகிறது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் பிள்ளையை இரண்டாண்டு காக்க வைக்கக் கூடாது. கையில் பணமும் இல்லை, பாலிசியும் இல்லை என்றால் கோரிப்பாளையத்தில் பெரியாஸ்பத்திரி இருக்கிறது. எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று அப்பத்தா இன்னும் சொல்லும் அரசு ராஜாஜி மருத்துவமனைதான். காது மூக்கு தொண்டைப் பிரிவு அங்கே உண்டு, காத்திருப்புக் காலம் என்பது அங்கே புறநோயாளி வரிசையில் மட்டும்.

மறுத்துவிட்டால், எந்த நிபந்தனையின் கீழ் மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதி ஒரு மாதம் பாருங்கள். ஆணையத்தின் 155255 எண்ணிலும் 'பீமா பரோசா' தளத்திலும் பதியலாம். பிறகு சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். 50 லட்சம் ரூபாய் வரையிலான புகார்களை அவர் விசாரிப்பார், கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், நிறுவனம் மறுத்ததிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகவும் வழி இருக்கிறது.

இரண்டாவது காபி முடிந்தது. மதினி பையிலிருந்து படிவத்தை எடுத்தார். பையன் பெயருக்கு நேராக 'டான்சில், அடினாய்டு நீக்கம், மே மாதம், அடிக்கடி தொற்று வந்ததால். இப்போது தொந்தரவு இல்லை' என்று எழுதி, டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலைப் பின்னால் குத்தினோம். அவர் பேனாவை மூடவில்லை. அடுத்த பக்கத்தைத் திருப்பித் தன் பெயர் இருந்த கட்டத்தைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நான் ஆறு வருடமாகக் காலையில் ஒரு தைராய்டு மாத்திரை போடுகிறேன். உங்கள் அண்ணனுக்கே அது மறந்திருக்கும். அதையும் எழுத வேண்டுமா?"